கடைசி இடத்திலிருந்து கோப்பை வரை: செயின்ட் லூயிஸ் ப்ளூஸின் 2018-19 சீசன் வெறும் அதிர்ஷ்டமா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 21, 2025, காலை

நேற்று பாஸ்டனில் நடந்த நான்கு நாடுகள் ஐஸ் ஹாக்கிப் போட்டியின் இறுதி ஆட்டம் பார்த்தேன். கனடா 3-2. கனடா கோல்கீப்பர் ஜோர்டன் பின்னிங்டனைப் பற்றித் தேடினால், 2019 ஜனவரியில் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்.ஹெச்.எல்-லிலேயே கடைசி இடத்தில் கிடந்த செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் அணி அதே வருஷம் ஜூனில் லீகின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வாங்கியது என்று வருகிறது. கோல்கீப்பர் ஒருத்தர் மாறினார், அணியே தலைகீழாக மாறிவிட்டது என்றால் அது லாட்டரிதானே? அந்த சீசனை நேரில் பார்த்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 21, இரவு

நான் பார்த்தேன். 2017-லிருந்து செயின்ட் லூயிஸில்தான் இருக்கிறேன். வரும்போது ஹாக்கி என்றால் எனக்குப் புல்தரையும் தன்ராஜ் பிள்ளையும்தான். ஐஸில் ஆடுவதைப் பழக்கியது அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர். இந்த ஊரிலேயே பிறந்தவர். 1970-ல் பாஸ்டனின் பாபி ஓர் ப்ளூஸுக்கு எதிராகக் கோல் அடித்துவிட்டு அப்படியே காற்றில் பறந்த அந்தக் காட்சியை ஒன்பது வயதில் டிவியில் பார்த்து அழுதவர். அதற்கப்புறம் 49 வருஷம் ப்ளூஸ் இறுதிப் போட்டிக்கே போகவில்லை.

லாட்டரி இல்லை என்பதுதான் என் பதில். பின்னிங்டன் இல்லாமல் கோப்பை இல்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அவர் வந்து நின்ற வீடு ஏற்கெனவே கட்டி முடியும் நிலையில் இருந்தது, கூரைதான் ஒழுகிக்கொண்டிருந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 ஜூலை 1 அன்று பஃபலோ அணியிடமிருந்து ரயன் ஓரைலியை வாங்கினார்கள். கொடுத்த விலை பெரியது: மூன்று வீரர்கள், போதாததற்கு இரண்டு டிராஃப்ட் வாய்ப்புகள், அதாவது புது இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. ஊர் முழுக்க நம்பிக்கை. சீசன் தொடங்கினால் 19 ஆட்டத்தில் 7 வெற்றி. நவம்பர் 19 அன்று பயிற்சியாளர் மைக் யோவை நீக்கிவிட்டு, உதவியாளராக இருந்த கிரெய்க் பெரூபியைத் தற்காலிகமாக உட்கார வைத்தார்கள். ஜனவரி 3 காலையில் 31 அணிகளில் 31-ஆவது இடம். ஜனவரி 7 அன்று பின்னிங்டனின் முதல் ஆட்டம், பிலடெல்பியாவில், 3-0. அங்கிருந்து தொடர்ந்து ஜெயித்தார்கள். சீசன் முடியும்போது 99 புள்ளி.

பிப்ரவரி 22, காலை

நேற்று எழுதியதில் இரண்டு தப்பு. ஜனவரி 7 பின்னிங்டனின் முதல் ஆட்டம் இல்லை, ஆரம்பத்திலிருந்தே இறங்கிய முதல் ஆட்டம். 2016 ஜனவரியிலேயே நடுவில் ஒருமுறை மாற்றாக இறங்கியிருக்கிறார், அப்புறம் கிட்டத்தட்ட மூன்று வருஷம் கூப்பிடவே இல்லை.

இரண்டாவது தப்புதான் முக்கியம். "அங்கிருந்து தொடர்ந்து ஜெயித்தார்கள்" என்று எழுதிவிட்டேன். இல்லை. ஜனவரி 7-க்குப் பிறகு இரண்டு வாரம் வெற்றியும் தோல்வியும் மாறி மாறித்தான் வந்தன. 11 ஆட்டத் தொடர் வெற்றி தொடங்கியது ஜனவரி 23-ல், முடிந்தது பிப்ரவரி 19-ல். இந்த இரண்டு வாரத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், எழுதும் வேகத்தில் நானும் மறந்திருக்கிறேன். ஒரே ஆள் வந்து ஒரே ராத்திரியில் மாறியது என்ற கதைக்கு அந்த இரண்டு வாரம் இடம் கொடுக்காது.

பிப்ரவரி 23

டிசம்பர் 9 பற்றிச் சொல்லாமல் ஜனவரி பற்றிப் பேசிப் பயனில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து மேசைக்காரர் கூப்பிட்டார், "டிக்கெட் சும்மா கிடைக்கிறது, யாரும் போக மாட்டேன் என்கிறார்கள், வா" என்று. ப்ளூஸின் அரங்கமான என்டர்பிரைஸ் சென்டரில் மேல் அடுக்கு. எதிரணி வான்கூவர். உள்ளே நுழைந்ததும் முகத்தில் அடிக்கும் அந்தக் குளிர், ஐஸ் வாசனை, வறுத்த பாப்கார்ன், எல்லாம் இருந்தது. கூட்டம்தான் இல்லை. இங்கே ஒரு பழக்கம் உண்டு: ப்ளூஸ் கோல் போட்டால் மேல் அடுக்கில் ஒருவர் எழுந்து, இதுவரை எத்தனை கோலோ அத்தனை தடவை கையில் இருக்கும் வெள்ளைத் துண்டைச் சுழற்றுவார், மொத்த அரங்கமும் சேர்ந்து எண்ணும், அப்புறம் துண்டைக் கூட்டத்துக்குள் வீசுவார். அன்று அவர் எழுந்தது ஒரே ஒரு முறை. வான்கூவர் 6, நாங்கள் 1.

ஆட்டத்தின் மூன்றாவது, கடைசிப் பகுதியில் எங்கள் வரிசையில் இருந்த ஒரு அம்மா, பேத்திக்குச் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டே, யாரையும் திட்டாமல், "ஓடவாவது செய்யுங்களேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். கீழே கூச்சல் போட்டவர்களைவிட அந்தக் குரல்தான் என்னைப் பாதித்தது.

மறுநாள் பயிற்சியிலேயே சண்டை. ராபர்ட் போர்டுஸோவும் ஜாக் சான்ஃபோர்டும், ஒரே அணிக்காரர்கள், கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குத்திக்கொண்டார்கள். வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது. அணி முடிந்தது என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த இரண்டு பேரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

பிப்ரவரி 25

"கடைசி இடம்" பற்றி ஒரு கணக்கு. இந்த லீகில் வெற்றிக்கு 2 புள்ளி, கூடுதல் நேரத்தில் தோற்றால் 1. மொத்தம் 82 ஆட்டம். ஜனவரி 3 காலையில் ப்ளூஸ் 34 புள்ளி, ஆனால் ஆடியிருந்தது 37 ஆட்டம்தான். பல அணிகள் 39, 40 என்று ஆடி முடித்திருந்தன. ஆக அந்த 31-ஆவது இடத்தில் அட்டவணையின் பங்கும் கொஞ்சம் உண்டு. மோசமான அணிதான், ஆனால் பாதாளத்தில் கிடந்த அணி இல்லை.

இன்னொன்று. அதே ஜனவரி 3 இரவில், முந்தைய வருஷக் கோப்பையை வென்ற வாஷிங்டனை ப்ளூஸ் 5-2 என்று அடித்தது. அன்று வலையில் நின்றது அதுவரை முதன்மைக் கோல்கீப்பராக இருந்த ஜேக் ஆலன். பின்னிங்டன் வர இன்னும் நான்கு நாள் இருந்தது.

பிப்ரவரி 25, இரவு

இதை எழுதிவிட்டுச் சாப்பிடும்போது யோசித்தேன், கொஞ்சம் அதிகமாகவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன். எண்களை நேர்மையாக வைக்க வேண்டும். ஆலன் அந்த சீசனில் தடுத்தது 100-க்கு 90.5. பின்னிங்டன் 92.7. பார்க்க 2 சதவீதம் போலத்தான் இருக்கும். ஓர் ஆட்டத்துக்கு 30 ஷாட் வருகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று ஆட்டத்தில் கிட்டத்தட்ட இரண்டு கோல் வித்தியாசம். இந்த லீகில் பாதி ஆட்டங்கள் ஒரு கோல், இரண்டு கோலில்தான் முடியும். 24 வெற்றி, 5 தோல்வி, கூடுதல் நேரத்தில் 1 என்பது அவர் கணக்கு. கூரை என்று நான் சொன்னது சின்ன விஷயம் இல்லை. மழைக்காலத்தில் கூரைதான் வீடு.

பிப்ரவரி 27

பெரூபி என்ன மாற்றினார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் பயிற்சியாளன் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ப்ளூஸ் அழகாக ஆடப் பார்க்கும். பக்கை, அதாவது ஐஸில் சறுக்கும் அந்த ரப்பர் வட்டை, தங்களிடமே வைத்துக்கொண்டு, குறுக்கே பாஸ் கொடுத்து, நடுவில் இழந்துவிட்டு, திரும்பி ஓடும். பெரூபி வந்தபிறகு மெதுவாக அது நின்றது. பக்கை எதிரணியின் பின்பக்கம் தள்ளிவிடு, இரண்டு பேர் துரத்திப் போய் மோது, அவர்கள் தடுப்பாளர் திரும்பிப் பார்ப்பதற்குள் நீ அவர்மேல் இரு. ஓர் ஆட்டத்தில் இது பெரிதாகத் தெரியாது. சீசன் முடிந்து கோப்பைக்காக ஒரே அணியோடு ஏழு ஆட்டம் வரை ஆடும் ப்ளே-ஆஃபில், நான்காவது ஆட்டத்துக்கு மேல் எதிரணிக்குக் கால் வலிக்க ஆரம்பிக்கும்.

தடுப்பில் ஜே போமீஸ்டரும் கோல்டன் பரேய்கோவும் ஜோடி. போமீஸ்டருக்கு 35 வயது, இடுப்பில் அறுவைச் சிகிச்சை முடித்து வந்து, சீசன் ஆரம்பத்தில் தடுமாறியவர். ஜனவரிக்குள் அவர் பழைய வேகத்தைப் பிடித்துவிட்டார். பின்னிங்டனின் எண்களுக்கு இதுவும் ஒரு காரணம். இதைச் செய்தியில் யாரும் எழுதவில்லை, ஏனென்றால் 35 வயது தடுப்பாளர் நன்றாகச் சறுக்குகிறார் என்பதில் கதை எதுவும் இல்லை.

மார்ச் 2

அதிர்ஷ்டம் என்று சொன்னீர்கள் அல்லவா? ப்ளே-ஆஃபில் அது இருந்தது, ஒளிக்க மாட்டேன். இரண்டு பக்கமும் இருந்தது.

முதல் சுற்று வினிபெக், ஆறு ஆட்டம். ஐந்தாவது ஆட்டத்தில் 15 வினாடி மிச்சம் இருக்கும்போது ஜேடன் ஷ்வார்ட்ஸ் வெற்றிக் கோல். ஆறாவதில் மூன்று கோலும் அவருடையதே. முழு சீசனில் 11 கோல் அடித்தவர் ப்ளே-ஆஃபில் மட்டும் 12.

இரண்டாவது சுற்று டல்லாஸ். ஏழாவது ஆட்டம், 1-1, இரண்டாவது கூடுதல் நேரம். டல்லாஸ் கோல்கீப்பர் பென் பிஷப் செயின்ட் லூயிஸில் வளர்ந்தவர். அன்று மட்டும் 52 ஷாட்டைத் தடுத்தார், பார்க்கவே பயமாக இருந்தது. ராபர்ட் தாமஸ் அடித்தது கம்பத்தில் பட்டு, பிஷப்பின் மேல் பின்னாலிருந்து மோதி, கோல் கோட்டுக்கு முன்னால் விழுந்து கிடந்தது. பிஷப்புக்கு அது எங்கே என்று தெரியாது. பேட் மரூன் தட்டிவிட்டார். மரூனும் இதே ஊர்க்காரர்தான். மகனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு வருஷ ஒப்பந்தத்துக்குச் சம்மதித்து வந்தவர், டிசம்பரில் எல்லோரிடமும் திட்டு வாங்கியவர். பக்கத்து மேசைக்காரர் மறுநாள் அலுவலகத்தில் வேலையே செய்யவில்லை. மூன்று பேரிடம் அந்தக் கோலைக் காகிதத்தில் வரைந்து காட்டினார்.

மூன்றாவது சுற்று சான் ஹோசே. மூன்றாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் அவர்களுடைய டீமோ மையர் கையால் தள்ளிய பக்கை எரிக் கார்ல்சன் கோலாக்கினார். கையால் பாஸ் கொடுத்தால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். நான்கு நடுவரில் ஒருவருக்கும் தெரியவில்லை, அன்றைய விதிப்படி வீடியோவிலும் பார்க்க முடியாது. தொடரில் 2-1 என்று பின்தங்கினோம். அதற்கப்புறம் சான் ஹோசே ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. 2-1, 5-0, 5-1.

நமக்கும் ஒரு தப்பான தீர்ப்பு சாதகமாக வந்தது. இறுதிப் போட்டியின் ஐந்தாவது ஆட்டத்தில் டைலர் போஸாக் பாஸ்டன் வீரரின் காலைத் தட்டிவிட்டதை நடுவர் விட்டுவிட்டார், சில வினாடியில் நமக்குக் கோல். 2-1. பாஸ்டன்காரர்கள் இன்றுவரை அதைச் சொல்வார்கள், சொல்வதில் நியாயம் இருக்கிறது.

மார்ச் 3

விட்டுப்போன ஒன்று. 1968, 69, 70 என மூன்று வருஷமும் இறுதிப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் தோற்ற அணி இது. 12 தோல்வி. 2019 முதல் ஆட்டமும் போனது, 13. இரண்டாவது ஆட்டத்தில் கார்ல் குன்னார்சன் அடித்தது கடைசி நிமிடங்களில் கம்பத்தில் பட்டது. இடைவேளையில் கழிப்பறையில் பெரூபியின் பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு கிடைத்தால் போதும்" என்றாராம். கிடைத்தது. அதற்கு முன் ப்ளே-ஆஃபில் ஒரு கோல்கூட அடிக்காத மனிதர். என் மனைவிக்கு ஹாக்கியில் ஆர்வம் கிடையாது, இந்தக் கதையை மட்டும் ஊரிலிருந்து யார் வந்தாலும் அவளே சொல்வாள்.

மார்ச் 9

ஏழாவது ஆட்டம். ஜூன் 12, 2019, பாஸ்டன். உங்கள் கேள்விக்கு என் முழு பதிலும் இந்த ஓர் ஆட்டத்தில் இருக்கிறது என்பதால் நீளமாக எழுதுகிறேன்.

பக்கத்து மேசைக்காரர் வீட்டு அடித்தளத்தில் பார்த்தோம். பன்னிரண்டு பேர், இரண்டு சோபா. என் மனைவி சுண்டல் செய்து கொடுத்தனுப்பினாள், முதல் பத்து நிமிடத்தில் காலி. பதற்றத்தில் என்ன தின்கிறோம் என்று தெரியாமல் தின்றார்கள். நகரத்துக்குள் என்டர்பிரைஸ் சென்டரிலும் புஷ் பேஸ்பால் மைதானத்திலும் பெரிய திரை வைத்திருந்தார்கள், இரண்டும் நிறைந்துவிட்டது.

முதல் பகுதியில் பாஸ்டன் 12 ஷாட், நாம் 4. பின்னிங்டன் ஒன்றையும் விடவில்லை. லாட்டரி என்று சொல்கிறவர்களுக்கு இந்த 20 நிமிடம் நல்ல சாட்சி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நான்கு ஷாட்டில் இரண்டு கோல் வந்தது எப்படி என்று பாருங்கள். முதலாவது, போமீஸ்டர் தூரத்திலிருந்து அடித்ததை, கோல் முன்னால் நின்ற ஓரைலி ஸ்டிக்கின் நுனியால் தொட்டுத் திசை மாற்றினார். அப்போது ஓரைலியின் விலா எலும்பில் விரிசல், பிறகுதான் சொன்னார். இரண்டாவது, பகுதி முடிய 8 வினாடி. பாஸ்டனின் பிராட் மார்ஷண்ட் சோர்ந்துபோய் மாற்று ஆளுக்கு இடம் விட்டு வெளியே போகத் திரும்புகிறார். திரும்பிய அந்த இடைவெளியில் ஷ்வார்ட்ஸ் பக்கைக் கொடுக்க, நம் கேப்டன் அலெக்ஸ் பியட்ரேஞ்சலோ தனியாக உள்ளே வந்து பின்கையால் தூக்கி வைத்தார். அந்த இடைவெளி தானாக வந்ததில்லை. ஆறு ஆட்டம் மோதி மோதிக் களைக்க வைத்ததில் வந்தது.

மூன்றாவது பகுதியில் 2-0. பாஸ்டனின் நார்ட்ஸ்ட்ரோமுக்கு முன்னால் வலை திறந்து கிடந்தது. பின்னிங்டன் காலை நீட்டினார், பேட் நுனியில் பட்டு வெளியே போனது. அடித்தளத்தில் யாருக்கும் சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பிரேடன் ஷென் மூன்றாவது கோல். நான்காவது யார் அடித்தது தெரியுமா? ஜாக் சான்ஃபோர்ட். டிசம்பரில் பயிற்சியில் குத்து வாங்கியவர். அவரோடு சண்டை போட்ட போர்டுஸோவும் இதே இறுதிப் போட்டியின் இரண்டாவது ஆட்டத்தில் ஒரு கோல் அடித்திருந்தார். 4-1. பின்னிங்டன் தடுத்தது 32.

முடிந்ததும் எல்லோரும் கத்தினார்கள். பக்கத்து மேசைக்காரர் மட்டும் சோபாவில் உட்கார்ந்தபடி, 1970-ல் எந்த ஊர் அணி தோற்கடித்ததோ அதே ஊரில் வைத்து ஜெயித்துவிட்டோம் என்று இரண்டு தடவை சொன்னார். வீட்டுக்குக் காரில் வரும்போது ஒவ்வொரு சிக்னலிலும் ஹாரன். இரவு ஒரு மணிக்குத் தெருவில் சின்னப் பிள்ளைகள்.

மார்ச் 10

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. அதற்கு முந்தைய சீசனில் செயின்ட் லூயிஸுக்குச் சொந்தமாக இரண்டாம் நிலை அணி இல்லாததால் பின்னிங்டனைக் கடன் கொடுத்திருந்தார்கள். எந்த அணிக்கு? பிராவிடென்ஸ் ப்ரூயின்ஸ், அதாவது பாஸ்டனின் இரண்டாம் நிலை அணிக்கு. ஒரு வருஷம் பாஸ்டன் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்தான் பாஸ்டனில் கோப்பையைத் தூக்கினார். நீங்கள் போன மாதம் பார்த்த ஆட்டமும் அதே அரங்கம்தான். கூடுதல் நேரத்தில் ஆஸ்டன் மேத்யூஸை அவர் மறித்தபோது 2019-தான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஏப்ரல் 6

இழை தூங்கிவிட்டது என்று நினைத்தீர்களா? ஓடிக்கொண்டிருக்கும் சீசனைக் கவனிக்கிறீர்களா? நவம்பரில் பயிற்சியாளரை நீக்கி ஜிம் மான்ட்கோமரியைக் கொண்டுவந்தார்கள். பிப்ரவரியில் இந்த இழை தொடங்கியபோது அணி ப்ளே-ஆஃப் கோட்டுக்கு வெளியே கிடந்தது. நேற்றோடு 12 ஆட்டம் தொடர்ச்சியாக ஜெயித்திருக்கிறார்கள். 2019-ன் 11 உடைந்தது. கோல்கீப்பர் அதே பின்னிங்டன், ஆனால் அக்டோபரிலிருந்தே அவர்தான் நிற்கிறார். கோல்கீப்பர் மாறாமலே அணி மாறியிருக்கிறது. என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. என் மனைவி, "என்னங்க, மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?" என்கிறாள். ஆமாம்.

ஏப்ரல் 8

நேற்று வினிபெக்கில் தோல்வி. 12-லேயே நின்றது.

மே 5

நேற்று இரவு தூங்கவில்லை.

96 புள்ளியோடு கடைசி இடத்தைப் பிடித்து ப்ளே-ஆஃபுக்குள் போனோம். கால்கரிக்கும் அதே 96, அவர்கள் வெளியே. முதல் சுற்றில் லீகின் முதலிடமான வினிபெக். ஆறு ஆட்டத்திலும் அவரவர் ஊரில் அவரவர் ஜெயித்தார்கள். ஏழாவது வினிபெக்கில். நாம் 3-1. இரண்டு நிமிடம் மிச்சம். 3-2. அப்புறம் கடிகாரத்தில் மூன்று வினாடிகூட இல்லாதபோது கைல் கானர் அனுப்பியதைக் கோல் பெர்ஃபெட்டி ஸ்டிக்கில் தொட்டுத் திருப்பினார். 3-3. இரண்டாவது கூடுதல் நேரத்தில் தூரத்திலிருந்து வந்த ஷாட்டை அவர்களுடைய கேப்டன் ஆடம் லோரி இதேபோலத் தொட்டுத் திருப்பினார். 4-3.

மே 5, மாலை

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். "தொட்டுத் திருப்பினார்" என்று இரண்டு முறை எழுதியிருக்கிறேன். மார்ச் 9 குறிப்பில் ஓரைலிக்கும் அதையேதான் எழுதியிருந்தேன். ஓரைலி செய்தபோது உழைப்பு, பெர்ஃபெட்டி செய்தபோது அநியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. பெர்ஃபெட்டியும் கோல் முன்னால் இடம் பிடித்து நின்றுதான் வாங்கினார். வினிபெக்குக்கு அது நியாயமான கோல்.

மே 7

"அப்படியானால் இப்போதாவது லாட்டரி என்று ஒத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. மூன்று வினாடி யார் பக்கம் போகும் என்பது யார் கையிலும் இல்லை. ஆனால் அந்த மூன்று வினாடி வரைக்கும் போய் நிற்பது கையில் இருக்கிறது. பிப்ரவரியில் கோட்டுக்கு வெளியே கிடந்த அணி மே மாதத்தில் முதலிட அணியின் ஊரில் மூன்று வினாடி வரை முன்னால் நின்றது. 2018 டிசம்பர் 9 அன்று ஆறு கோல் வாங்கிய அணியும் அங்கிருந்துதான் கிளம்பியது.

பக்கத்து மேசைக்காரரோடு இன்று தொலைபேசியில் பேசினேன். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. தோட்டம், முழங்கால், என் மகளின் பள்ளி என்று பேசிவிட்டு, வைக்கும்போது, அக்டோபருக்கு மேல் அடுக்கிலேயே டிக்கெட் எடுக்கட்டுமா, உனக்கு இரண்டா மூன்றா என்று கேட்டார். மூன்று என்றேன்.